பழைய பிரவுசரில் மட்டும் திறக்கும்!

இன்டர்காம் அலறியது.

சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள். முப்பது வயதுக்காரி. வேலையில் கெட்டி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"கன்ட்ரோல் ரூம்..."

"கதவைத் திற!"

"யாருங்க?"

"முதலாளி பேசறேன்! மூணாம் நம்பர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு தானா மூடிக்கிச்சு... சீக்கிரம்!"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அது ஒரு மருந்துக் கிடங்கு. மொத்தம் நாலு குளிர் அறைகள். அதில் மூன்றாம் நம்பர்தான் எல்லாவற்றையும் விட மோசம். மைனஸ் இருபத்தைந்து டிகிரி! தடித்த ஜாக்கெட் போட்டவர்களே கால் மணி நேரத்தில் பல் கிட்டித்து வெளியே ஓடி வருவார்கள்.

"சார், ஜாக்கெட் போட்டிருக்கீங்களா?"

"சட்டையோட இருக்கேன்!"

"உள்பக்கம் அவசரக் கைப்பிடி இருக்குமே. அதை இழுங்க சார்."

"இல்ல! கழட்டி இருக்கு... யாரோ கழட்டிட்டாங்க!"

அவள் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கதை உண்டு. குளிர் அறைகளின் பூட்டு அத்தனையும் ஒரே ஒரு வெப் பக்கத்தின் பிடியில் இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதிய கம்பெனி கடையைக் கட்டி வருஷக்கணக்கு ஆகிறது. அது ஒரே ஒரு பழைய பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். அந்தப் பிரவுசருக்கோ எப்போதோ ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த ஒரு மெஷினை மட்டும் யாரும் தொடாமல், மாற்றாமல், பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். மானிட்டரின் மேல் ஒரு காகிதம்.

'இதை அப்டேட் செய்கிறவன் கை விளங்காது!'

அவள் ஐகானைக் கிளிக் செய்தாள்.

திரை முழுவதும் கலர் கலராக பலூன்கள் பறந்தன.

'வாழ்த்துகள்! உங்கள் பிரவுசர் புதுப்பிக்கப்பட்டது!'

"அடப்பாவிங்களா..."

பூட்டுப் பக்கத்தைத் திறந்தாள். பக்கம் வந்தது. மூலையில் உள்ளே இருக்கும் குளிரின் அளவு தெளிவாகத் தெரிந்தது. ஆனால், 'திற' என்ற பச்சை பட்டன் இருக்க வேண்டிய இடத்தில்...

ஒரு சாம்பல் நிறக் கட்டம்.

அதற்குள் ஒரே ஒரு வரி.

'இந்தப் பகுதியை உங்கள் பிரவுசர் ஆதரிக்கவில்லை.'

கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவர் ஓடி வந்தார். முதலாளியின் மச்சான். மனைவியின் தம்பி. கிடங்கில் பாதிப் பங்குக்காரர்.

"அத்தான் எங்க? மூணாம் நம்பருக்கு வரச் சொன்னார். வழியில அக்கா போன் பண்ணினா. உள்ள போனா சிக்னல் இருக்காதேன்னு வராண்டாவிலேயே நின்னு பேசினேன். திரும்பிப் பார்த்தா கதவு மூடியிருக்கு!"

"உள்ளதான் இருக்கார் சார். உள்பக்கக் கைப்பிடியை யாரோ கழட்டிட்டாங்களாம். என்னாலயும் திறக்க முடியல."

"முடியலன்னா?"

"யாரோ பிரவுசரை அப்டேட் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"நான் சாப்பிடப் போயிருந்தேன் சார்... வந்து பார்த்தா ஸ்கிரீன் ஆஃப்ல இருந்தது."

சின்னவர் முகம் வெளுத்தது.

"கைப்பிடி கழட்டி இருக்கு... கம்ப்யூட்டரையும் கெடுத்து வச்சிருக்காங்க... புரியலையா உனக்கு? எங்க அத்தானைக் கொல்ல யாரோ திட்டம் போட்டிருக்காங்க!"

அவரே போலீஸுக்குப் போன் செய்தார். தீயணைப்புக்கும் செய்தார். பிறகு கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு. ஊரே 'மவுஸ்' என்று கூப்பிடும் ஆசாமி. மனிதர் அன்றைக்கென்று பார்த்து வெளியூரில் இருந்தார்.

"யார் சார் அதுல கை வச்சது!" ஸ்பீக்கரில் மவுஸ் கத்தினார்.

"அதை அப்புறம் பார்ப்போம். இப்ப திறக்கறதுக்கு வழி சொல்லு!"

"செட்டிங்ஸ் போங்க மேடம். 'பழைய பக்கங்களை அனுமதி'ன்னு ஒண்ணு இருக்கும்."

"இருக்கு... அனுமதிச்சிட்டேன்."

"பிரவுசரை மூடித் திறங்க."

மூடினாள். திறந்தாள். பலூன்கள் பறந்தன. சாம்பல் கட்டம் அப்படியே இருந்தது. ஆனால் வரி மாறியிருந்தது.

'இந்தச் செருகுநிரல் (ப்ளக்-இன்) காலாவதியாகிவிட்டது. உங்கள் பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டுள்ளது.'

"யாரோட பாதுகாப்புக்கு?" சின்னவர் மேஜையைக் குத்தினார்.

இன்டர்காமில் பல் தந்தியடித்தது.

"ம... மச்சான்..."

"அத்தான்! நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க. நடந்துக்கிட்டே இருங்க!"

"கால் மரத்துப் போச்சுடா..."

"மருந்துப் பெட்டி அட்டையெல்லாம் கிழிச்சு மேல சுத்திக்கங்க அத்தான்!"

ஆபரேட்டர் இன்டர்நெட்டில் பழைய பிரவுசரைத் தேடினாள். கிடைத்த இடத்தில் எல்லாம் ஒரே பதில். 'இது நிறுத்தப்பட்டது. புதியதைப் பெற இங்கே அழுத்தவும்.' ஒரே ஒரு மூலையில் ஒரு பழைய பிரதி அகப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். ஓட்டினாள்.

'இதைவிடப் புதிய பதிப்பு உங்களிடம் ஏற்கெனவே உள்ளது. நிறுவ முடியாது.'

"புதுசு இருக்கறதுதாண்டா பிரச்னையே!" அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்டேட்டையே கழட்டிடுங்க மேடம்," என்றார் மவுஸ். "முந்தின நிலைமைக்குப் போற வழி ஒண்ணு இருக்கு."

அவள் அந்த இடத்துக்குப் போனாள். காலியாக இருந்தது.

"ஒண்ணும் இல்லையே... யாரோ அழிச்சிருக்காங்க."

மவுஸ் மெதுவாகச் சொன்னார்.

"அப்போ இது தெரியாமப் பண்ணினது இல்ல சார்."

"மெயினை ஆஃப் பண்ணினா?" சின்னவர் கேட்டார்.

"பூட்டு மூடின இடத்துலயே நிக்கும் சார்," என்றார் மவுஸ். "குளிரும் சுலபத்துல போகாது. கரன்ட்டும் போயிட்டா திறக்கறதுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச வழியும் போயிடும்."

சின்னவர் மூன்றாம் நம்பர் கதவுக்கு ஓடினார். தோளால் இடித்தார். கடப்பாரையால் நெம்பினார். கடப்பாரைதான் வளைந்தது. கதவு அசையவில்லை. தோற்றுப்போய்த் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தபோது, அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

அக்கா!

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? 'உன் புருஷன் உறைஞ்சுக்கிட்டிருக்கார், நான் பலூன் பார்த்துக்கிட்டிருக்கேன்' என்றா? அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே தீயணைப்பு வீரர்கள்.

"கதவை எரிச்சு வெட்ட முடியாது," என்றார் தீயணைப்பு அதிகாரி. "உள்ள முழுக்க ஃபோம். பத்திக்கிச்சுன்னா புகையிலேயே ஆள் காலி. சுவத்தை ரம்பத்தாலதான் அறுக்கணும். நேரம் ஆகும். அதுவரைக்கும் அவரைத் தூங்க விடாதீங்க. தூங்கினா எழுந்திருக்க மாட்டார்!"

ரம்பம் கிறீச்சிட ஆரம்பித்தது.

"சார்..." ஸ்பீக்கரில் மவுஸ். "இப்பத்தான் ஞாபகம் வருது. பழைய பிரவுசரோட முழு செட்டப், புதுசை ஓரம் கட்டிட்டு ஏறிக்கிற மாதிரி, ஒரு பென் டிரைவ்ல போட்டு வச்சிருந்தேன். உலகத்துலயே அது ஒண்ணுதான்!"

சின்னவர் துள்ளி எழுந்தார். "எங்க இருக்கு?"

"நேத்து பெரியவர் கேட்டு வாங்கிக்கிட்டார் சார்."

போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது சின்னவருக்கு. முதலாளியின் அறைக்கு ஓடினார். மேஜை, அலமாரி, கோட், கார்... எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டினார். இல்லை!

திரும்பி ஓடி வந்து இன்டர்காமை ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான்! மவுஸ் குடுத்த பென் டிரைவ் எங்க வச்சீங்க? அது கிடைச்சா இந்த நிமிஷமே திறந்துடலாம்!"

பதில் இல்லை.

"அத்தான்! தூங்கிட்டீங்களா? அத்தான்!"

"என்..."

"சொல்லுங்க!"

"என் பாக்கெட்ல..."

ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கதவுக்கு அடியில தள்ளுங்க அத்தான்!"

"ரப்பர் சீல் சார்," அவள் முணுமுணுத்தாள். "எறும்பு கூட நுழையாது."

சின்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி உறைத்தது.

"அத்தான்... அதை எதுக்கு உள்ள எடுத்துட்டுப் போனீங்க?"

ரம்பச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"அத்தான்?"

"வெளிய வச்சா..." முதலாளியின் குரல் குழறியது. "வெளிய வச்சா யாராவது எடுத்து... உன்னைத் திறந்து விட்டுடுவாங்களேன்னு..."

சின்னவர் தலை நிமிர்ந்தார்.

"என்னையா?"

"நீ... நீதானே உள்ள இருக்க வேண்டியவன்..."

ஆபரேட்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் நோட்டையும் பேனாவையும் எடுத்தார். சைகையால் 'பேசச் சொல்லுங்க' என்றார்.

சின்னவர் மானிட்டரைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் பார்த்தார். ரம்பம் பாதி வழியில்தான் இருந்தது. உள்ளே இருப்பவர் தன்னைக் கொல்ல வந்தவர். ஆனால் அக்காவின் புருஷன்!

"பேசுங்க அத்தான்," என்றார். "தூங்கிடாதீங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க. கைப்பிடி?"

"நான்தான் கழட்டினேன்..."

"அப்டேட்?"

"நான்தான். இவ சாப்பிடப் போனப்போ... முதல்ல கதவுக்கு டைமர் வச்சேன். நாலு மணிக்கு தானா பூட்டிக்கும்... உன்னைப் பின்னாடி ரேக்குக்கு அனுப்பிட்டு நான் வெளிய வந்துடலாம்னு... அதுக்கப்புறம் அப்டேட்... விபத்து மாதிரி இருக்கும்... ஆனா இன்னும் நேரம் இருந்துச்சேடா! என் வாட்ச்சுல நாலு ஆகவே இல்ல!"

"பூட்டோட கடிகாரம் எப்பவுமே ஃபாஸ்ட்டா ஓடும் சார்," என்றாள் ஆபரேட்டர். "சரி பண்ற கம்பெனி இல்லைல்ல? ஷிஃப்ட்ல இருக்கிற நாங்க கழிச்சுப் பார்த்துக்குவோம். நீங்க முன்னாடி எப்பவாவது இந்தப் பக்கம் வந்திருந்தாத்தானே தெரியும்!"

"எதுக்கு அத்தான்?" சின்னவர் கேட்டார். "நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"நாளைக்கு... ஆபீசருங்க கிட்ட சொல்லப் போறேன்னியே... தேதி முடிஞ்ச மருந்துக்கு நான் புதுத் தேதி ஒட்டறதை..."

"எத்தனை நாளா ஒட்டறீங்கன்னு கேளுங்க," இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார்.

சின்னவர் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். உள்ளே இருந்தவர் சொன்னார். எந்த மருந்து, யார் அச்சடித்துக் கொடுத்தது, எந்தக் கடைகளுக்குப் போனது... ஒன்று விடாமல்! நிறுத்தினால் தூக்கம் வந்தது. தூங்கினால் சாவு. முதலாளிக்கு வேறு வழி இல்லை.

டமார்!

சுவர்த் துண்டு விழுந்தது. குளிர்ப் புகை வராண்டா முழுவதும் பரவியது. உதடு நீலமாகி, புருவத்தில் பனி அப்பி, உடம்பு முழுக்க அட்டை சுற்றிய நிலையில் முதலாளியை இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது!

கம்பளியோடு முதலில் ஓடியது சின்னவர்தான். அத்தானைப் போர்த்தினார். உள்ளங்கையைத் தேய்த்துவிட்டார். சட்டைப்பையில் மறுபடியும் போன் அடித்தது. மறுபடியும் அக்கா. முன்பாவது சொல்லத் தெரியாமல் எடுக்காமல் இருந்தார். இப்போது எல்லாம் தெரியும். அதனாலேயே எடுக்க முடியவில்லை. அத்தானின் கையைத் தேய்த்தபடியே அடித்து ஓயும் வரை அழுதார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"வாக்குமூலத்தை அடிச்சு வாங்கினீங்களான்னு கோர்ட்ல கேட்பாங்களே சார்?" என்றாள் ஆபரேட்டர்.

"அடிக்கிறதா?" இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். "ஏசி ரூம்ல உட்கார வச்சு மரியாதையா கேட்டோம்னு சொல்லுவேன்!"