சிரமங்கள்: ஏதுமில்லை

அவசரம் பிடித்த மழை அது. குடையை விரிக்கவும் விடவில்லை, மடக்கவும் விடவில்லை. பாதி மடங்கிய குடையோடு அவள் அந்த அறக்கட்டளை அலுவலகத்தின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே பாய, உள்ளேயிருந்து ஒருவன் வெளியே வர... குடைக் கம்பி அவன் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. அது தரையில் விழுந்து இரண்டு தடவை துள்ளியது.

"ஐயோ!"

கத்தியது அவள்தான். அவனோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தரையெல்லாம் கண்ணாடியைத் தேடினான்.

அதற்கு மேல் அவள் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற கைகள் ஆயிற்றே! குனிந்து எடுத்தாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் கழன்றிருந்த காதுக்கம்பியை இரண்டே திருகில் மாட்டினாள். கைக்குட்டையால் துடைத்தாள்.

"ஆடாம நில்லுங்க."

அவளே அவன் முகத்தில் மாட்டிவிட்டாள். அந்த ஒரு நொடியில்... கண்ணாடி இல்லாத அந்தக் கண்களைப் பார்த்துவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனையோ ஜோடிக் கண்களைப் பார்க்கிறவள் அவள். கண்ணைப் பார்த்தால் பவர் எவ்வளவு இருக்கும் என்றுதான் அவள் புத்தி போகும். இன்று அங்கே போகவில்லை. நனைந்த ஜன்னலில் வெயில் வந்து உட்கார்ந்த மாதிரி... சே, என்ன நினைப்பு இது!

"இடது பக்கம் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு" என்றான் அவன்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு. உங்க இடது காதுதான் கொஞ்சம் கீழ இருக்கு."

அவன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே..."

"யாரும் அவ்வளவு உத்துப் பார்த்திருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்த வேலை என்ன, பேசுகிற பேச்சு என்ன! முகத்தை வரவழைத்த கடுமையோடு வைத்துக்கொண்டு கேட்டாள். "மூணாம் நம்பர் கவுண்டர் எங்க இருக்கு? ஒருத்தரோட சண்டை போடணும்."

"அதோ, அங்க."

"அங்க ஆளே இல்லையே?"

"அந்த ஆள் இப்பதான் டீ குடிக்கக் கிளம்பினான். வாசல்ல யாரோ குடையால வழிமறிச்சுட்டாங்க..."

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததும் ஆள் அதிகாரியாகிவிட்டான். அவள் மறுப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதுதான் சரி.

"உதவித்தொகை கிடையாதுன்னு கையெழுத்து போட்டது நீங்கதானே? எங்க வீட்டுக் குழந்தையைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்லைங்க. நீங்க எழுதினதைப் படிச்சேன்." கோப்பைப் பிரித்தான். "குழந்தையின் சிரமங்கள்... 'ஏதுமில்லை. மிகவும் புத்திசாலி.' பேச்சுத் திறன்... 'பார்வையாலேயே எல்லாவற்றையும் பேசிவிடுவாள்.' பிறர் உதவி தேவைப்படும் நேரங்கள்... 'எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் உதவி செய்வோம்.'" நிமிர்ந்தான். "இதைப் படிச்சதும் நானே அவகிட்ட ட்யூஷன் சேர்ந்துடலாமான்னு பார்த்தேன்."

"கிண்டலா?"

"சத்தியமா இல்ல. இப்படி எழுதியிருந்தா நான் பாராட்டுக் கடிதம்தான் அனுப்ப முடியும். உதவி அனுப்ப முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. இப்படி எழுதியது அவள் இஷ்டத்துக்கா?

குழந்தை, அக்கா மகள். எட்டு வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனாலேயே வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் இருக்கிறாள். படத்தைத் தொட்டால் அதற்கான வார்த்தையைச் சொல்கிற கருவி ஒன்றும், அதைப் பழக்க வாரம் இரண்டு நாள் பயிற்சியும் கிடைத்தால் இவள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவாள் என்றார் வகுப்பு ஆசிரியை. விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்ததும் அவர்தான். அத்தானுக்குக் கப்பலில் வேலை. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். படிவம் நிரப்பும் பொறுப்பு சித்தி தலையில் விழுந்தது, அக்காவின் ஒரே ஒரு கட்டளையோடு.

"என் பொண்ணுக்கு அது முடியாது, இது முடியாதுன்னு ஒரு வரி எழுதினே... அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே."

இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் சொல்ல முடியுமா?

"பதினாலு நாளுக்குள்ள மறுமனு போடலாம்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "அவளோட ரொம்ப மோசமான ஒரு நாளை எழுதுங்க. நல்ல நாள் எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். அதை வெச்சு எங்களால முடிவு பண்ண முடியாது."

"எங்க வாயாடிக்கு மோசமான நாளே கிடையாது."

"அப்படிங்களா..." என்றான். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கேலியும் இல்லை. அந்தக் கண்களில் இருந்த கனிவுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டே போனாள்.

அடுத்த புதன்கிழமை. கடையில் கூட்டமில்லை. வெளியே மழை தூறலும் நிற்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. கதவு மணி ஒலிக்க நிமிர்ந்தால்... அவன்!

"காது கீழ இருக்கிறவங்களுக்கு இங்க ஏதாவது வைத்தியம் உண்டுங்களா?"

சிரிக்கக் கூடாது என்று எத்தனை கெட்டியாக உதட்டை மடித்தும் பிரயோசனமில்லை. "இந்த ஊர்ல வேற கடையே கிடைக்கலையா?"

"நாலு கடை ஏறி இறங்கினேன். இங்கதான் குடையால அடிச்சு, அப்புறம் ரிப்பேர் பண்ற பொண்ணு இருக்காங்கன்னு சொன்னாங்க."

"உட்காருங்க. வாயையும் மூடுங்க. பேசினா கன்னம் ஆடும், அளவு தப்பும்."

அவன் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டான். அவள் காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைத்து, அவன் காதுக்குப் பின்னால் விரலால் ஒத்திப் பார்த்தாள். அங்கேதான் அவள் விரல் நின்றுவிட்டது. இதே இடம். வாயாடிக்கு வீங்கியிருந்ததும் இதே இடம்...

"என்னங்க ஆச்சு?"

அவள் சொல்ல நினைக்கவில்லை. அதுவாக வந்தது.

"போன வருஷம்... மூணு நாள் தலையைச் சுவத்துல மோதிக்கிட்டே இருந்தா. சாப்பிடல. யார் கிட்டப் போனாலும் கடிச்சா. பிடிவாதம்னு நினைச்சோம். நான்... நான் அவளைத் திட்டினேன். ஒரு அடிகூட அடிச்சேன். அப்புறம் பார்த்தா காதுல இருந்து சீழ் வழியுது. உள்ள அவ்வளவு புண்ணு... வலிக்குதுன்னு சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை இல்லைங்க. எங்க அக்கா நர்ஸ். ஊர்ல இருக்கிறவங்க வலியெல்லாம் கேட்டுக் கேட்டு மாத்திரை கொடுக்கிறவ..."

அவள் அழுதாள். வாடிக்கையாளர் முன்னால், கையில் பாதி வளைந்த கம்பியோடு, வெட்கமில்லாமல் அழுதாள். அவன் கண்ணாடி துடைக்க மேசைமேல் வைத்திருந்த துணியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"இதை அப்படியே எழுதுங்க" என்றான் கடைசியில். "திட்டினது, அடிச்சது... எல்லாம்."

"படிக்கிறவங்க எங்களை என்ன நினைப்பாங்க?"

"அந்தக் குழந்தைக்கு ஒரு வார்த்தை வேணும்னு நினைப்பாங்க."

அன்று சாயங்காலமே எழுதினாள். நான்கு பக்கம். மறுநாளே கொண்டு போனாள். கூந்தலை இரண்டு முறை வாரிக்கொண்டதற்கும் மறுமனுவுக்கும் சம்பந்தமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டும் போனாள். ஆனால் மூன்றாம் கவுண்டரில் அவன் தலை நிமிரவே இல்லை.

"நாலாம் கவுண்டர்ல கொடுங்க."

"நான்தாங்க... நேத்து..."

"நாலாம் கவுண்டர், மேடம்."

மேடமாம்! நேற்று வாயை மூடிக்கொண்டு காதைக் காட்டியவனுக்கு இன்று அவள் மேடம்! வாரக் கடைசியில் கடிதம் வேறு வந்தது. உங்கள் மறுமனு வேறு அலுவலருக்கு மாற்றப்பட்டுள்ளது, அவர் வீட்டுக்கு நேரில் வருவார் என்று. வரப்போவது, எல்லோரும் பெரிய மேடம் என்று அழைக்கிற அந்த அலுவலகத் தலைமை அதிகாரி. பத்து மனுவில் எட்டைத் திருப்பி அனுப்புகிறவர் என்று வகுப்பு ஆசிரியையே பயந்தார். உண்மையைக் கேட்டுவிட்டு அருவருத்துப் போய்த்தான் கை கழுவிவிட்டான் என்று அவள் நெஞ்சு எரிந்தது. ஒரு குழந்தையை அடித்தவள் முகத்தை யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்கும்?

போதாக்குறைக்கு, மறுமனுவின் நகல் அக்கா கையில் சிக்கியது.

"என் பொண்ணு மானத்தை நாலு பக்கத்துக்கு வித்துட்டு வந்திருக்கே இல்ல?" அவ்வளவுதான். அதன் பிறகு அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசவில்லை, ஒருத்திக்குப் பேச வரவில்லை. வீடு எப்படி இருந்திருக்கும்!

பெரிய மேடம் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் மறுபடி படித்தார். தரையில் வாயாடி டப்பா மூடிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கைகட்டி, கல் மாதிரி நின்றாள். அவள் ஒரு வார்த்தை, "இது பொய்" என்று சொன்னால் போதும்... எல்லாம் முடிந்துவிடும். 

"மூணு நாள்னு எழுதியிருக்கு. நிஜந்தானா, அம்மா?"

அக்கா வாயாடியைப் பார்த்தாள். அடுக்கிய மூடிகளைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணியது.

"மூணு இல்ல மேடம்... நாலு. முதல் நாள் எனக்கு மட்டும்தான் தெரியும். பல் முளைக்குதுன்னு நினைச்சு, அவளை விட்டுட்டு ட்யூட்டிக்குப் போயிட்டேன்."

தங்கை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இருவரும் ஏன் அழுகிறார்கள் என்று புரியாத வாயாடி, ஆளுக்கொரு மூடியைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். பெரிய மேடத்துக்கும் ஒன்று கிடைத்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் தபாலில் அனுமதிக் கடிதம். கருவிக்கும் பயிற்சிக்கும் சேர்த்து, முழுதாக!

அக்கா துள்ளிக் குதிக்க, இவள் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே மூன்றாம் கவுண்டருக்குப் போனாள். நன்றி சொல்ல இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க.

"கிடைச்சிருச்சு. உங்க தயவு இல்லாமலே கிடைச்சிருச்சு."

அவன் எழுந்தே நின்றுவிட்டான். அவன் முகத்தில் பொங்கிய சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. கை கழுவியவனுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம்?

"எழுதுங்க எழுதுங்கன்னு சொன்னது நீங்கதான். எழுதிக் கொண்டுவந்தா முகத்தைக்கூடப் பார்க்கல. அவ்வளவு கேவலமாப் போயிட்டேனா நான்?"

"ஐயையோ..." என்றான். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தான். கொடுக்கலாமா வேண்டாமா என்று கை தயங்கியது. கொடுத்துவிட்டான்.

அச்சிட்ட அலுவலகப் படிவம் ஒன்றின் நகல் அது. மனுக்களைப் பரிசீலிக்கிறவர்கள் நிரப்ப வேண்டியது. அவள் மறுமனு கொண்டு வந்த நாளின் தேதி. அவள் வருமுன்னே, காலையிலேயே குத்திய அலுவலக முத்திரை. 'மனுதாரருடன் உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற கட்டத்தில் டிக். அதன் கீழே, 'தொடர்பின் தன்மை' என்ற இடத்தில், திருத்தமான கையெழுத்தில்...

'விருப்பம். என் பக்கத்தில் மட்டும்.'

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். எழுத்துகள் கலங்கின.

"இதையா... பெரிய மேடம்கிட்ட கொடுத்தீங்க?"

"வேற வழி? உங்க மனு என் கைக்கு வந்தா, அதுல என்ன எழுதியிருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போட்டிருப்பேன். அப்புறம் அது வாயாடிக்காகக் கொடுத்ததா, உங்களுக்காகக் கொடுத்ததான்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும். அவளுக்கு நியாயமாக் கிடைக்க வேண்டியது அது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"முடிவு வர்ற வரைக்கும் உங்ககூடப் பேசக் கூடாதுன்னு விதி. எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம் பார்க்காம இருந்தது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." குரல் இறங்கியது. "அதுல எழுதினது என் சங்கதி மட்டும்தான். நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. பிடிக்கலைன்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

கிழிப்பதா! கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளைத் திக்குமுக்காட வைத்தன. இத்தனை நாளும் இந்த மனுஷனையா திட்டித் தீர்த்தோம்? கவுண்டரில் நூலில் கட்டியிருந்த பேனாவை இழுத்தாள். நூல் எட்டவில்லை. அவன் அவசரமாகத் தன் சட்டைப்பைப் பேனாவை நீட்டினான்.

'என் பக்கத்தில் மட்டும்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே நிதானமாக எழுதினாள். 'இரண்டு பக்கமும்.'

தாளைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். அவன் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தான். 

"திருத்தம் பண்ணினா... பக்கத்துல கையெழுத்து போடணுங்க. இல்லன்னா செல்லாது."

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.