இருநூற்றுப் பதினான்காம் தேவை

காலை ஐந்தரைக்கு வடிவு தண்ணீர் வாங்கினாள். ஆளுக்கு நான்கு லிட்டர். குழாயடியில் அவளைத் தவிர இரண்டு பேர்தான் நின்றார்கள். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் விழித்திருப்பவர்கள் அவ்வளவுதான். மற்ற வீட்டுக் கதவுகளில் நகராட்சியின் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'துயிலில். ஆடி 22 வரை.'

அவள் வீட்டுக் கதவிலும் ஒரு சீட்டு இருந்தது. கணவன் முத்துச்சுடலை, மகள் ஆவுடை என்று இரண்டு பெயர்கள். சென்ற ஆண்டு வரை மூன்றாவதாக அவள் பெயரும் இருந்தது. இந்த ஆண்டு குலுக்கலில் அவளுக்கு விழிப்பணி விழுந்தது. நூற்றுக்கு ஆறு பேருக்கு விழும்.

தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் துயிற்கூடத்துக்கு நடந்தாள். பத்து மணிக்கு மேல் வெளியே யாரும் நடமாடக் கூடாது. நேற்று நண்பகலில் ஐம்பத்து மூன்று டிகிரி.

பதினைந்து ஆண்டுகளாக ஊர் கோடையில் தூங்குகிறது. பங்குனிக் கடைசியில் எல்லோரும் கூடத்துக்குப் போய் அவரவர் துயிற்பேழையில் படுத்துக்கொள்வார்கள். உடம்பு மெல்லக் குளிர்ந்துவிடும். சோறு தண்ணீர் வேண்டாம். ஆற்றில் மிஞ்சியிருப்பது விழிப்பணிக்காரர்களுக்குப் போதும். ஆடியில் எழுப்பும்போது தெளிமருந்து என்று ஓர் ஊசி போடுவார்கள். அது குமட்டலை அடக்கும், கொஞ்சம் மறதியும் தரும். கண்ணை மூடினேன், திறந்தேன், நான்கு மாதம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வடிவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

கூடத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவளும் மீரானும் ஓர் அறையில். மீரான் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருக்கு இது மூன்றாவது விழிப்பணி. துயிற்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அறுநூறு வரிகளில் ஒரு தேவைப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சரிபார்ப்பு. தினமும் காலையில் அறுநூறும் ஓடும், அறுநூறும் பச்சையாகும். அதைப் பார்த்துவிட்டு மீரான் சுலைமானித் தேநீர் போடுவார்.

"நாகர்கோயில் கூடத்துலேந்து கோட் ரிவ்யூ வந்திருக்கு" என்றார் மீரான். "நம்ம டெஸ்ட் நாப்பது சும்மா பேருக்கு இருக்காம். அந்த ஜெபசெல்வி எழுதியிருக்கா. வாய் நீளம் அவளுக்கு."

வடிவு குறிப்புகளைப் படித்தாள். பெரும்பாலானவை சின்ன விஷயங்கள். ஒரு சோதனை ஓர் எண்ணை அதே எண்ணோடு ஒப்பிட்டுச் சரி என்றது. இன்னொன்று விளக்கு எரிகிறதா என்று கேட்டது, பதிலை வாங்கிக்கொள்ளவில்லை. எட்டரைக்குள் பதினெட்டைச் சரிசெய்தாள். பிறகு இருநூற்றுப் பதினான்கு.

தேவை 214: துயிலில் இருப்பவர் எவரும் விழிப்பு நிலையில் இருக்கக் கூடாது.

பேழை மூளையலையைப் படித்துக்கொண்டே இருக்கும். விழித்தவரின் அலையாக இருந்தால் பதிவில் 'விழிப்பு' என்று ஒரு குறி எழுதும். சோதனை அந்தப் பதிவைத் தேடும். குறி அகப்படாவிட்டால் பச்சை. ஜெபசெல்வி கேட்டிருந்தது ஒரே வரி. 'எந்தக் கோப்பில் தேடுகிறீர்கள்?'

வடிவு பார்த்தாள். அந்தப் பெயரில் கோப்பே இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் புது மருந்தும் புதுப் பேழைகளும் வந்தபோது, ஒரே பதிவாக இருந்ததைப் பேழைக்கு ஒன்றாகப் பிரித்திருந்தார்கள். சோதனையை யாரும் மாற்றவில்லை. இல்லாத கோப்பில் அது தினமும் தேடியது. எதுவும் அகப்படவில்லை. பச்சை.

அவள் பாதையைத் திருத்தி, இந்த ஆண்டின் பதினொரு நாள் பதிவுகள்மேல் ஓட்டினாள்.

திரை நெடுநேரம் உருண்டது.

"அண்ணே" என்றாள். "கொஞ்சம் வாங்க."

மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து நானூறு பேழைகள். ஆள் இருந்தவை முப்பத்தாறாயிரத்து நூற்றுப் பதினேழு. அத்தனையும் சிவப்பு. ஆள் இல்லாதவை மட்டும் பச்சை.

மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சென்சார் கெட்டிருக்கும்."

"முப்பத்தாறாயிரமுமா?"

"உள்ள உடம்பு கெடந்தா குறி விழுந்திரும்போல இருக்கு. முன்னாடி எப்பவும் பச்ச, இப்ப எப்பவும் சிவப்பு. ரெண்டும் ஒண்ணுதான் வடிவு. ரெண்டுனாலயும் ஒரு பிரயோசனமும் இல்ல."

அது நியாயமான பேச்சு. அவள் ஆவுடையின் பதிவைத் திறந்தாள். குறி தொடர்ச்சியாக இல்லை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் அளவுக்கு அறுந்திருந்தது. பிறகு மறுபடி தொடங்கியது. பதினொரு நாளும் அப்படியே.

"இது கெட்ட சென்சார் இல்லண்ணே. தூங்கி எந்திரிக்கா."

மீரான் திரையைத் தானே உருட்டிப் பார்த்தார். தம்ளரில் சுலைமானி ஆறியது.

தேவை 214 தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பட்டியலில் இருந்தது. விழிப்பணியில் இருவர் கையெழுத்திட வேண்டும். இட்டால், எல்லோரையும் எழுப்ப வேண்டும். எழுதியவர்கள் அது நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"எழுப்பிட்டு, தண்ணிக்கு எங்க போக?" என்றார் மீரான். "நாலு லிட்டர் அர லிட்டர் ஆயிரும். கெழடுங்க, பிள்ளைங்க தாங்குமா? நூத்திப் பதினெட்டு நாளும் முழிச்சிருந்தாலும் தெளிமருந்து போட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்கப்போறதில்ல. நீயும் அப்படித்தான எந்திரிச்ச? உனக்கு எங்கயாச்சும் வலிச்சுச்சா?"

"இல்ல."

"பொறவு என்ன?"

"ஆவுடைக்கு இப்ப முழிப்பு இருக்குல்லா அண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி ராகிலா மூன்றாவது வரிசையில் இருந்தார்.

"எனக்கு நிச்சயமாத் தெரியணும்" என்றார் கடைசியில். "மெஷின் சொல்லுதுன்னு முப்பத்தாறாயிரம் பேர வெயில்ல இழுத்துப் போட முடியாது. ஆளு சொல்லணும்."

"உள்ள போயிட்டு, தெளிமருந்து போடாம வெளிய வந்த ஆளு."

"அப்படி யாரு இருக்கா?"

"நான் போறேன்" என்றாள் வடிவு. "என் பேழை சும்மாதான கெடக்கு."

ஒரு மணி நேரத்தில் உடம்பு முழுதாகக் குளிராது. மூடியைத் திறந்தால் எழுந்துவிடலாம். அவருக்கும் அது தெரியும். "கிறுக்கு" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார்.

ஐம்பத்தெட்டாம் வரிசை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. குளிர்விக்கும் மோட்டார்களின் இரைச்சலில் பேசுவது கேட்காது. அவளுடைய பேழைக்கு இடப்பக்கம் முத்துச்சுடலை, வலப்பக்கம் ஆவுடை. மூடியில் பனி படர்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. மூன்று பேழைகளும் ஒரே உலோகப் பலகைமேல் அடுத்தடுத்து இருந்தன. வடிவு படுத்தாள். கையில் ஊசி ஏறியது. மூடி இறங்கியது.

முதலில் கால்கள் போயின. பிறகு கைகள். இமை மூடிக்கொண்டது, திறக்க முடியவில்லை. இனித் தூக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. சென்ற ஆண்டும் இப்படி அரித்திருக்குமா என்று நினைத்தாள். நூற்றுப் பதினெட்டு நாள். அந்த எண்ணத்தை அதற்குமேல் போக விடவில்லை. மூச்சு மட்டும் அதன்போக்கில் மெதுவாக வந்து போனது.

மோட்டார் சத்தம் உள்ளே கேட்கவில்லை. நல்ல நிசப்தம். அந்த நிசப்தத்துக்கு அடியில் ஏதோ இருந்தது.

முதுகின் வழியாக வந்தது அது. பலகையில் ஓர் அதிர்வு. மூச்சை வெளியே விடும்போது தொண்டையில் எழும் சிறு முனகல். ஒன்றல்ல. பக்கத்தில், அதற்குப் பக்கத்தில், அதற்கும் அப்பால். கச்சேரி தொடங்குமுன் சபையில் எழும் பேச்சுப்போல, சொற்களே இல்லாமல். ஒருவர் முனகி நிறுத்த, இன்னொருவர் முனகினார். எங்கோ ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே மாதிரி முனகி, சேர்ந்தே நிறுத்தினார்கள். சிரிப்பாக இருக்கலாம். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏழு கோடைகளாக வளர்ந்த வழக்கம். ஆடியில் எல்லோரும் அதை மறந்துவிட்டுத் தெருவில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போலக் கடந்துபோனார்கள்.

வலப்பக்கத்திலிருந்து மெல்லிய முனகல். இரண்டு குட்டை, ஒரு நீளம். பிறகு இடைவெளி. மறுபடி இரண்டு குட்டை, ஒரு நீளம். மறுபடி அதே இடைவெளி.

ஆவுடைக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக அவளை இங்கே முதலில் கிடத்தினார்கள். பேச வருமுன்பே இது வந்திருக்கும்.

அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தது. அது ஏன் என்று வடிவுக்கு முதலில் புரியவில்லை. யாருக்கோ விட்டுவைத்த இடம். பதினொரு நாளாக அந்த இடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை விட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த இடைவெளியில் வடிவின் தொண்டை அசைந்தது. ஒரு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். அவள் அதை நினைக்கவில்லை. அவளுக்கு அது தெரியாது. தொண்டைக்குத் தெரிந்திருந்தது.

வலப்பக்கம் நின்றுபோனது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூச்சுக்கு மூச்சு, நிறுத்தாமல், வந்துகொண்டே இருந்தது. வரிசை முழுவதும் மற்றவர்கள் அடங்கிக் கேட்டார்கள். இடப்பக்கமிருந்து ஆழமான ஒரு முனகல் வந்து, உடைந்து, மறுபடி வந்தது.

மூடி திறந்தபோது வடிவின் முகம் நனைந்திருந்தது. மீரான் கைத்தாங்கலாக உட்காரவைத்தார். அவர் கையிலிருந்த பலகைக்கணினியில் அவளுடைய பேழையின் பதிவு திறந்திருந்தது. அறுபத்தொரு நிமிடம். அறுபத்தொரு நிமிடமும் விழிப்பு.

"முழிச்சிருந்தியா?"

அவள் தலையசைத்தாள்.

"அவங்க?"

"எல்லாரும்."

அவர் சட்டைப்பையில் ஊசி ஒன்று இருந்தது. அதை எடுத்துக் காட்டினார். "போட்டுக்கிடுதியா? இந்த ஒரு மணி நேரம் போயிரும்."

"வேண்டாம். போனா பொறவு யாரு சொல்லுவா?"

மீரான் ஊசியைத் திரும்ப வைத்துக்கொண்டார். கணினியைத் தொடையில் வைத்துக் கையெழுத்தாக விரலைப் பதித்தார். அவளிடம் நீட்டினார். வடிவும் பதித்தாள். கூடத்தின் மறுகோடியில், முதல் வரிசையின் விளக்குகள் செம்மஞ்சளாக மாறின.

"ராகிலா மூணாம் வரிச. நாளன்னைக்குள்ள எந்திரிச்சிருவா" என்றார். "எந்திரிச்சதும் நெல்லிக்கா ஊறுகா கேப்பா."

"அம்பத்தெட்டு எப்போ?"

அவர் கணக்குப் போட்டார். முழுதாகக் குளிர்ந்த உடம்பை அவசரமாகச் சூடாக்கக் கூடாது. சுடுநீர் முதல் வரிசையில் நுழைந்து வரிசைவரிசையாகத்தான் நகரும். மணிக்கு நாற்பது பேர். நடுவில் ஒரு பேழையை மட்டும் திறந்தால் அதில் இருப்பவர் பிழைக்க மாட்டார்.

"முப்பத்தாறு நாளு" என்றார். "வைகாசி பதிமூணு."

வடிவு பனி படர்ந்த மூடியைப் பார்த்தாள். கையை அதன்மேல் வைத்தாள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு மணி நேரம் பதில் கிடைத்துவிட்டு, இப்போது நின்றிருக்கும். பிள்ளை என்ன நினைப்பாள்.

"இத நீங்க ஒத்தையில பாத்துக்கிட முடியுமா அண்ணே?"

மீரானுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "வேண்டாம் வடிவு. தெரியாம கெடக்கது வேற. தெரிஞ்சே போறது வேற."

"அவளும் தெரிஞ்சுதான கெடக்கா."

முதல் வரிசையிலிருந்து நீர் ஓடும் சத்தம் லேசாக வந்தது. ஜெபசெல்விக்குச் சொல்ல வேண்டும், நகராட்சிக்குச் சொல்ல வேண்டும், குழாயடியில் அளவைக் குறைக்க வேண்டும் என்று வடிவு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எழும்போது தனக்குத் தெளிமருந்து கூடாது என்பதைக் கடைசியாகச் சொன்னாள். அதையும் எழுதினார்.

"ஆவுடைக்கு?"

வடிவு யோசித்தாள். "அவகிட்டயே கேட்டுக்கிடுதேன். அதுக்கு முப்பத்தாறு நாளு இருக்கு."

செருப்பைக் கழற்றிப் பேழைக்கு அடியில் விட்டாள். மீரான் தன் தண்ணீர்க் குப்பியை நீட்டினார்.

"நெறையக் குடிச்சிட்டுப் படு தாயி."

அவள் இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் குப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"வைங்கண்ணே" என்றாள். "எந்திரிச்சு வாறவங்களுக்கு வேணும்."