நாலாவது தோள்

ஜனாஸாவை மூன்று பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆதம்பாவாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பசறை மலைப்பாதையில் நல்ல பகலிலேயே விளக்குப் போடவேண்டிய அளவுக்கு மூடுபனி. தேயிலையின் பச்சை வாடையும் ஊறிய மண்ணின் மணமும் மோட்டார் சைக்கிளின் சூட்டில் கருகும் எண்ணெய் நெடியும் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, வளைவின் மேல்முனையில் முதலில் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன, பிறகு தோள்கள், பிறகு பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கு. மையித்தை, இறந்தவரின் உடலை, வைத்துச் சுமக்கும் அந்தப் பெட்டிக்கு நாலு பிடி. நாலு பிடிக்கும் நாலு தோள் வேண்டும். இங்கே முன்னால் இருவர், பின்னால் வலப்பக்கம் ஒருவர். பின்னால் இடப்பக்கத்துப் பிடியின் கீழே யாரும் இல்லை. பெட்டி அந்த மூலைக்குச் சரிந்திருந்தது. விழவில்லை.

பின்னால் கூட்டம் இல்லை. கலிமா சொல்லும் சத்தம் இல்லை. மூன்று பேரின் செருப்புச் சத்தம்கூட இல்லை.

வழியில் ஜனாஸாவைக் கண்டால் இறங்கி நாலு அடியாவது தோள் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவன் ஊரான சாய்ந்தமருதில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காணி வழக்கில் பதினைந்து வருடம் எதிரெதிரே நின்றவன்கூட எதிராளியின் ஜனாஸாவுக்கு ஓடிவந்து தோள் கொடுப்பான். அடுத்த தவணைக்கு அவன் வரமாட்டான் என்ற நிம்மதியிலாவது கொடுப்பான்.

முன்னால் வந்த தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, ஒரு தோள் தாங்க.”

ஆதம்பாவாவின் கால் பிரேக்குக்குப் போனது. அப்போது கூட்டாளி றஸாக்கின் முகம் ஞாபகம் வந்தது. போன கால் திரும்பி வந்தது.

“அவசரம் காக்கா,” என்றான், வண்டியை நிறுத்தாமலே. “திரும்பி வரக்குள்ள தாறன்.”

அந்த அவசரத்தின் வரலாறு மிகவும் சிறியது. அளந்து சொன்னால் அரை மைல். ஊர்ப் பேச்சில் அரைக்கட்டை.

மகாராணி இலங்கைக்கு வந்துபோன வருடம், தன்னந்தனியாக நுவரெலியாவுக்குப் போய் ஒரே நாளில் திரும்பிவருவதாக அவன் அறிவித்தான். மாலை போட்டார்கள். துஆ ஓதினார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். காரைதீவு எல்லை வருவதற்குள் வண்டி இருமி, விக்கி, நின்றுவிட்டது. கழுத்தில் மாலையோடு அவன் அதைத் தள்ளிக்கொண்டு வந்ததை ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது; போகும்போது பார்த்ததைவிடக் கூடுதலான ஆட்கள். எஞ்சின் பழுது என்று சொல்லிவைத்தான். எண்ணெய்க் குழாயைத் திறக்காமலே புறப்பட்டுவிட்டான் என்பது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த விசயமாக ஒரு கிழமை இருந்தது. பிறகு றஸாக்குக்குத் தெரிந்தது. அதாவது, ஊருக்குத் தெரிந்தது.

‘அரைக்கட்டை ஆதம்பாவா’ என்ற பட்டம் அன்றிரவே தேத்தண்ணிக் கடையில் பிறந்தது. றஸாக்தான் பெற்றெடுத்தான்.

ஆண்பிள்ளை இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஹப்ஸாவோடு கலியாணம் பேசியாகியிருந்தது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டில் போய்க் குடியிருக்கவேண்டும். மாமியார் போடும் சோற்றை, மாமியார் கூப்பிடும் பெயரோடு சேர்த்து விழுங்கவேண்டும். ஹப்ஸாவின் உம்மா சபியா உம்மா ஆளனுப்பிக் கேட்டிருந்தார்: “அரைக்கட்டைல நிண்டுபோற மாப்பிளை எங்கட வாசல் மட்டும் வந்து சேருவாரா எண்டு விசாரிச்சிட்டு வா புள்ள.” விசாரிக்க வந்தவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹப்ஸாவும் சிரித்தாளா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்றைத்தான் ஒரு வருடமாக ஒவ்வொரு இரவும் கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பட்டத்தை அழிக்க வழி கேட்டபோது றஸாக் சட்டம் போட்டான்.

“நுவரெலியாக் கோவா ஒண்டு கொண்டு வா மச்சான். இந்தச் சுபஹுத் தொழுகையோட போனா அடுத்த நாள் பொழுது எழும்ப முந்தி வந்திரணும். எண்ணெய் அடிக்கிற இடம் தவிர எங்கயும் உன்ட கால் நிலத்தில படப்படாது.”

“பட்டா உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதுதான். உனக்குத் தெரியும்தானே.”

இப்போது, வளைவைத் தாண்டிய பிறகு, ஆதம்பாவாவின் காது சுட்டது. குளிர்காற்று முகத்தை அறுக்கிறது, காது மட்டும் சுடுகிறது. மலையில் யாருமில்லை. இறங்கி நாலு அடி நடந்துவிட்டு ஏறியிருக்கலாம், றஸாக்குக்குத் தெரியப்போவதில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் இரண்டு சட்டம் எதிரே வந்தன, அவன் றஸாக்கின் சட்டத்தைக் கடைப்பிடித்தான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பனிக்குள் மூன்று முகமும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

நுவரெலியாவில் மழை. சந்தை வாசலில் வண்டியைச் சுவரோடு சாய்த்து, இருக்கையில் இருந்தபடியே கோவா, ஒரு முழு முட்டைக்கோசு, வாங்கினான். கடைக்காரன் அதைப் பின்னால் கட்டிக்கொண்டே, காலில் ஏதும் வருத்தமா என்று சிங்களத்தில் கேட்டான். ஆதம்பாவா ஆமென்று தலையாட்டினான். அதுவும் சுட்டது.

மலை இறங்கும்போது வழிநெடுக ஒரே நினைப்பு. இந்நேரம் அடக்கியிருப்பார்கள். தோட்டத்துக் கடைகளில் எங்கட ஆட்கள் எத்தனை பேர், யாராவது வந்திருப்பார்கள். நாலு பேர் என்ன, நாற்பது பேர் வந்திருப்பார்கள். வழியில் கண்டால் சொல்வதற்கு ஒரு மன்னிப்பைக்கூடத் தயார்செய்து, உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நல்ல மன்னிப்பு. ஒரு பிழை சொல்லமுடியாது.

பொழுது சாய, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி அந்த வளைவு வந்தது.

மூவரும் நின்றார்கள். நடக்கவில்லை, காலையில் விட்ட இடத்திலேயே, சந்தூக்கைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்கள். தொப்பிகளில் பனி கோத்திருந்தது. பச்சைத் துணி ஊறிக் கறுத்து ஓரத்தால் சொட்டிக்கொண்டிருந்தது. மழையில் பாதை முழுவதும் மினுங்கியது. அவர்களின் பாதங்களின் கீழே மட்டும், மூன்று சோடிப் பாதத்தின் கீழே மட்டும், தார் காய்ந்து கிடந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றார் தாடிக்காரர். சொன்ன நேரத்துக்கு வந்தவனுக்குச் சொல்வதுபோல. பின்னால் நின்றவர் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டார்.

பதில் ஸலாமுக்கும் தயார்செய்த மன்னிப்புக்கும் முந்தி கைதான் வேலைசெய்தது: வண்டியை முறுக்கியது.

அடுத்த கொண்டைவளைவில் அவர்கள் கீழே நின்றார்கள்.

குறுக்குப்பாதை இருக்கும். தேயிலைக்குள் எத்தனை ஒற்றையடிப் பாதை. கொழுந்து பறிக்கிறவர்கள் இறங்குவதில்லையா. பெட்டியோடு? இறங்குவார்கள். பழக்கம்.

அடுத்த வளைவிலும் நின்றார்கள். பாதைக்குக் கொஞ்சம் கிட்ட. பெட்டியின் மூலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்து.

அடுத்ததிலும்.

அதற்கப்புறம் அவன் பாதையின் ஓரத்தைப் பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சத்தின் நடுவை மட்டும் பார்த்தான். ஓரத்தில் பச்சையாக ஏதோ வந்தது, போனது. வந்தது, போனது.

மொனராகலை தாண்டித் தரை சமமானதும் பாதை ஓரத்தில் மரங்கள் மட்டுமே இருந்தன. மலை முடிந்தது, மலையில் உள்ளதும் முடிந்தது என்று தனக்குத் தானே உரக்கச் சொன்னான். லகுகலைக் காட்டில் ஆனை நிற்கும் என்று எல்லோரும் பயங்காட்டியிருந்தார்கள். ஆனை நின்றால் நல்லது என்றிருந்தது அவனுக்கு. கையும் காலும் உள்ள ஒரு சாதாரணப் பயம். நின்றன. ஒரு கூட்டமே நின்றது. ஆனால் நடுப்பாதையில் இல்லை. இரண்டு ஓரமும் ஒதுங்கி, தும்பிக்கைகளைத் தொங்கப்போட்டு, காதுகளை அசைக்காமல், வழிவிட்டு நின்றன. அவனுக்கு வழிவிடவில்லை என்பது பாதித் தூரம் போனபிறகுதான் புரிந்தது. அவை அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றன.

பொத்துவில். கோமாரி. கடல் இரைச்சலும் உப்புக்காற்றும் வந்தன. கூடவே கற்பூரம். அத்தர். மையித்தைக் குளிப்பாட்டிய வீட்டின் ஈர வாடை. கோவாவிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கப் பார்த்தான். கோவாவுக்கு அந்த மணம் கிடையாது.

அக்கரைப்பற்றைத் தாண்டியதும் வண்டி ஓட மறுத்தது. நிற்கவில்லை; எண்ணெய் இருந்தது, குழாய் திறந்திருந்தது, எஞ்சின் கத்தியது. ஆனால் எவ்வளவு முறுக்கினாலும் ஒரு வேகத்துக்குமேல் போகவில்லை. அந்த வேகம் அவனுக்குத் தெரிந்த வேகம். ஓடாமல், சாவகாசமாகவும் இல்லாமல், ஜனாஸாவை அடக்க மையவாடிக்கு நடக்கும் வேகம். இடது தோள் இறங்கி இறங்கி வந்தது. நிமிர்த்தினான். இறங்கியது.

சாய்ந்தமருதுக்குள் நுழைந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பள்ளிவாசல் முன்னால் சனம். சுபஹு தொழுதவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. றஸாக்கின் கையில் மாலை. வந்து சேர்ந்துவிட்டான். கால் நிலத்தில் படவில்லை. கோவா இருக்கிறது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்கு அழுகை வரப்பார்த்தது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வந்துட்டியா மச்சான்,” என்றான் றஸாக். அந்தக் குரலில் நையாண்டி இல்லை. “வெளியூர் ஜனாஸா ஒண்டு வந்திருக்கு. இப்பதான். மூணு பேர் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாங்க. பெட்டிய இறக்கவும் மாட்டாங்களாம்.”

“தோள் குடுங்களன்டா,” என்றான் ஆதம்பாவா.

“குடுக்காம? நான் போனன். மோதினார் போனார். விடுறாங்க இல்ல. அந்த இடத்துக்கு ஆள் இரிக்காம். வரக்குள்ள தாறன் எண்டு சொல்லிட்டுப் போனவராம்.”

“ஆரப்பா அந்த மனிசன்?” என்றார் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், கூட்டத்தைப் பார்த்து. “மையித்துக்குச் சொன்ன சொல்லு. இப்பிடியும் ஒருத்தன் செய்வானா?”

“ச்சீ,” என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

கூட்டம் விலகியது. தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். விரல் நீட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவர் பார்த்த பக்கம் மோதினார் பார்த்தார். றஸாக் பார்த்தான். பிறகு ஊர் பார்த்தது. எதிரே சபியா உம்மா வீட்டுக் கிடுகு வேலியின் இடுக்குகளிலும் கண்கள் இருந்தன. அதில் ஒரு சோடி ஹப்ஸாவுடையது. சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாலை றஸாக்கின் கையிலிருந்து கீழே விழுந்தது.

ஆதம்பாவா இறங்கினான். கால் நிலத்தில் பட்டது.

தலையைக் குனிந்துகொண்டு போய், பின்னால் இடப்பக்கத்துப் பிடிக்குத் தோள் கொடுத்தான்.

பாரம் இல்லை.

துணியும் பலகையும் மட்டும்தான். வெறும் பெட்டி. அவர்கள் நடந்தார்கள், அவனும் நடந்தான். கூட்டம் கலிமா சொல்லிக்கொண்டு பின்னால் வந்தது. ஊரில் ஒரு தோள் பத்தடிக்குமேல் சுமப்பதில்லை. பின்னாலிருந்து ஒருவன் வந்து, விடு மச்சான் என்று பிடியை வாங்கிக்கொள்வான். அவன் காத்திருந்தான். யாரும் வாங்கவில்லை. மையவாடிக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. அவர்கள் திரும்பவில்லை. நேரே தெற்காகப் போனார்கள்.

கலிமாச் சத்தம் குறைந்தது. பிறகு ஒரு குரல். பிறகு அதுவும் இல்லை.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இடமில்லை.

“காக்கா.” முன்னால் நடந்த தாடிக்காரர் திரும்பவில்லை. “காக்கா, பாரமே இல்லையே.”

“இன்னும் ஏறல்ல தம்பி.”

நடந்தார்கள்.

காரைதீவு எல்லைக்கு முன்னால் மேற்கே வயலுக்குள் ஒரு வண்டிப்பாதை பிரியும். அந்த இடம் அவனுக்குத் தெரியும். போன வருடம் வண்டி நின்ற இடம். மாலையோடு இறங்கிய இடம். அரைக்கட்டை.

அங்கே திரும்பினார்கள். மேற்கே. மலைப்பக்கம்.

திரும்பிய அந்த அடியில் பாரம் வந்தது. பலகை முனகியது. உள்ளே ஏதோ ஒன்று புரண்டு, வசதியாகப் படுத்துக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால், கடலுக்குமேலே, சூரியன் எழும்பியது. நிழல்கள் நீண்டு பாதையின் முன்னால் விழுந்தன. ஆதம்பாவா நிழல்களை எண்ணினான். முன்னால் இருவர். பின்னால் வலப்பக்கம் ஒருவர். பெட்டி இடப்பக்கத்து மூலைக்குச் சரிந்திருந்தது.

அந்த மூலையின் கீழே யாரும் இல்லை.