பேர் கூப்பிடுகிறவன்

"அந்த மைக் தீவுல எந்த இடத்துல இருக்கு? இப்பவே எனக்குத் தெரியணும்."

எர்மின் கேட்டேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஜெரார் அவளுக்குப் போட்டது ஒரே ஒரு கட்டளை. சம்பளம் கூட்டிக் கேள், லீவு கேள், வேண்டுமானால் என் நாற்காலியைக் கேள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க மட்டும் வாயைத் திறக்காதே. அவளும் இத்தனை நாள் திறக்கவில்லை. அவள் தெருவிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். கிடைத்த வேலையைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளாதே என்று தெருவே சொல்லி அனுப்பியிருந்தது.

ஜெரார் தால்பூரி ரொட்டியைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். சட்னி அவர் விரல் வழியே வழிந்தது.

"மறுபடியும் நாய் குலைச்சுதா?"

"நாய் இல்ல சார். எங்கம்மா பேரு."

நாய்தான் முதலில் வந்தது. போர்ட் லூயி துணிக்கடைத் தெருவில், மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத இந்த அறையில், குளிர்சாதனத்தின் ஈரமான இரும்பு வாசனைக்கு நடுவே, காதை முழுக்க மூடும் கருவியை மாட்டிக்கொண்டு அவள் கேட்பது கடலுக்கு அப்பால் இருக்கும் தீவின் சத்தத்தை. மேற்குக் கரையில் விமானப் படைத்தளம். கிழக்குக் கரையில் பாழாய்ப் போன தென்னந்தோப்பு. மண்ணில் புதைத்த மைக்குகள் அலை, காற்று, ஓட்டில் மழை என்று எல்லாவற்றையும் இரவு பகலாகச் சேர்த்து அனுப்பும். எந்திரம் அதிலிருந்து மனிதக் குரல் என்று சந்தேகப்பட்டதை மட்டும் பிரித்துக் கொடுக்கும். அதில் கிரியோல் பேச்சு இருந்தால் அவள் எழுதித் தரவேண்டும். திருட்டுத்தனமாகக் கடலட்டை பொறுக்க வருகிறவர்கள் யாராவது அகப்பட்டால், பொத்தானை அழுத்தி, அங்கே நட்டிருக்கும் ஒலிபெருக்கி வழியாக "இது தடைசெய்யப்பட்ட இடம், விலகிப் போ" என்று விரட்டவேண்டும். தன் அம்மா பிறந்த மண்ணிலிருந்து ஆள்களை விரட்ட அவளுக்கு மாதச் சம்பளம். இதை நினைத்து அவள் தனியாகச் சிரித்ததுண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தத் தீவில் நாய் கிடையாது. படைத்தளத்துக்காகத் தீவைக் காலி செய்து ஜனங்களைக் கப்பலில் ஏற்றியபோது அவர்கள் வளர்த்த நாய்களையெல்லாம் பிடித்துக் கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் தள்ளி, கதவை அடைத்துப் புகையைவிட்டுக் கொன்றார்கள். அது தீவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குடியிருக்கும் அவள் தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் ஒருநாள் அலைச் சத்தத்துக்கு அடியில் நாய் குலைத்தது. ஒன்றல்ல. நிறைய. அடைபட்ட இடத்தில் குலைப்பதுபோல, சத்தம் சுவரில் முட்டி முட்டித் திரும்பியது.

"காத்து," என்றார் ஜெரார் அன்றைக்கு. "காத்துன்னு எழுதிடு."

எழுதினாள்.

அப்புறம் தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கும் மணி. அதற்குப் பின் ஒரு ஆண் குரல். வயதான, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும். தோட்டத்தில் விடியற்காலை ஆள் எடுக்கும் குரல் அது. அவன் பேர் சொல்வான். கொஞ்சம் தள்ளி யாரோ "இருக்கேன்" என்பார்கள். அடுத்த பேர். "இருக்கேன்." சில பேருக்குப் பதில் வராது. அவன் காத்திருப்பான். நண்டுகள் காய்ந்த மட்டையில் ஊர்வது மட்டும் கேட்கும். பிறகு செருமிவிட்டு அடுத்த பேருக்குப் போவான். பதில் வராத பேரை மறுநாள் மறுபடியும் கூப்பிடுவான்.

அப்படிப் பல நாள் பதிலில்லாமல் கிடந்த பேர் ஒன்று, ஃபெர்னான். அவள் பக்கத்து வீட்டுக்காரர். தீவில் பிறந்தவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவர். போன வாரம் ஒரு காலையில் அந்தப் பேருக்குப் பதில் வந்தது. முதலில் நெஞ்சுக்குள் விசிலடிக்கும் இருமல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் ராத்திரியெல்லாம் கேட்டுப் பழகிய அதே இருமல். பிறகு, "இருக்கேன்." அவள் அலறியடித்துக்கொண்டு அன்று மாலை தன் பேட்டையான ரோஷ் புவாவில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவர் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, காப்பி கொடுத்து, துக்கத்துக்குக் கண்விழிக்க டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் போய்விட்டாராம். இதயம் என்று டாக்டர் எழுதினார். ஏக்கம் என்று தெரு சொன்னது. நம் ஆள்கள் எல்லோரும் அதில்தான் சாகிறார்கள் என்றது.

இன்று காலை அவன் செருமிக்கொண்டான். "மார்லென்," என்றான்.

மார்லென் அவள் அம்மா.

"ஏம்மா, மார்லென்னு ஊர்ல ஒருத்திதானா?" ஜெரார் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஜனங்களுக்கே இது ஒரு வியாதி. எதைக் கேட்டாலும் தீவு, தீவு. போ, தண்ணி குடிச்சுட்டு வா."

அவள் போகவில்லை. அவர் மேசையிலிருந்த தொலைபேசியை இழுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். அவர் தடுக்கவில்லை.

"என்னடி, வேலை நேரத்துல?" அம்மா எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே பேசினாள். "துரை திட்ட மாட்டாரா?"

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். தேங்காய்ப்பால்ல மீன் போட்டிருக்கேன், சீக்கிரம் வா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏய், காலையில நீ என்னைக் கூப்பிட்டியா? பஸ் ஏறினப்புறம்?"

"இல்ல."

"யாரோ கூப்பிட்டாங்க. கொல்லைப் பக்கமா."

"பதில் சொன்னியா?"

"வாயில பல்குச்சி. துப்பிட்டு வர்றதுக்குள்ள நின்னுபோச்சு." அம்மா சிரித்தாள். "அழகா கூப்பிட்டான்டி. ஆஸ்பத்திரில நான் 'ஏய் தீவுக்காரி'. ரேஷன் கடையில 'அடுத்த ஆளு'. இவன் என் பேரைப் பேரா சொன்னான். அங்க சொல்ற மாதிரி."

"அம்மா, இனிமே யார் கூப்பிட்டாலும் பேசாதே. கதவைச் சாத்திக்கோ. நான் வர்றேன்."

"கூப்பிட்டா பேசாம இருக்கறதா? அங்க அப்படி இருந்தா அன்னிக்கு அரிசி கிடையாது, தெரியுமா? ஒன்பது வயசுல நானும் அந்த வரிசையில நிப்பேன். எனக்குக் காய்ச்சல்னா எங்கக்கா போய், 'மார்லெனுக்கு முடியல, அவளுக்குப் பதிலா நான் நிக்கிறேன்'னு சொல்லுவா. என் பங்குத் தேங்காயையும் சேர்த்து உரிப்பா. ஆள் யாரா இருந்தா என்ன, அவனுக்குப் பதில் வரணும். அவ்வளவுதான்."

அடுப்பில் ஏதோ பொங்கியது. அம்மா வைத்துவிட்டாள்.

"அது ராத்திரிப் பதிவு," என்றார் ஜெரார், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்ப அங்க ஒண்ணும் இருக்காது."

"அப்ப இப்ப நடக்கிறதைப் போடுங்க. இந்த ரூம் ஒலிபெருக்கியில."

அவர் தயங்கினார். போட்டார்.

முதலில் நண்பகல். வெயிலில் ஓடு விரியும் சத்தம். ஒரு ஈ. தூரத்தில், மேற்குக் கரையில், விமானம் ஒன்று உறுமிவிட்டு ஓய்ந்தது. பிறகு அந்த ஈயும் நின்றது. அலையும் நின்றது. எந்திரம் பழுதாகிவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில் அந்த மௌனத்துக்குள் மூச்சுகள் இருப்பது தெரிந்தது. ஒரு கோயில் கூட்டமே வாயைத் திறந்துகொண்டு மூச்சுவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. மைக்குக்கு மிக அருகில். பேசாமல். வரிசையில் நிற்பவர்கள்போல. அறையின் குளிர்ந்த காற்றில் கருகிய தேங்காயெண்ணெய் வாடை கலந்தது. அதற்கு அடியில் ரோமம் பொசுங்கிய வாடை.

செருமல்.

"மார்லென்."

ஜெராரின் நெற்றி ஈரமாயிற்று. அவருக்கும் கிரியோல் தாய்மொழி. அவருக்கும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் எர்மின். "இத்தனை நாளும் தெரியும்."

"எனக்கு முன்னாடி இருந்தவருக்கே தெரியும்." அவர் குரலில் கிண்டல் காணாமல்போயிருந்தது. "மேல எழுதினேன்மா. நிறைய தடவை. வேலை நல்லா நடக்குது, தொடர்ந்து கேளுங்கன்னு பதில் வந்தது."

"என்ன வேலை?"

"யோசிச்சுப் பாரு. திரும்பிப் போகணும்னு கேஸ் போடறது யாரு? அங்க பொறந்தவங்க. ஒவ்வொரு பேரா பதில் சொல்லிச் செத்துட்டிருக்கு. ஒரு தோட்டா செலவில்ல. கேஸ் போட ஆள் இருக்காது. மேல இருக்கறவங்க ஏன் நிறுத்தணும்?"

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம்.

"எங்க இருக்கு அந்த மைக்?"

"கொப்பரைக் கொட்டகையில," என்றார். "உள்ள. கதவை வெளியில பூட்டியிருக்கு. அன்னிக்குப் பூட்டினது. யாரும் திறக்கல."

"மார்லென்."

இரண்டாம் தடவை. அடுத்த பேருக்குப் போகாமல் அவன் ஒருபோதும் இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை.

அவள் உட்கார்ந்தாள். காதுக் கருவியை மாட்டினாள். கடலட்டைக்காரர்களை விரட்டும் பொத்தான் அவள் விரலுக்கு அடியில் இருந்தது.

"வேண்டாம்," என்றார் ஜெரார். எழுந்து வரவில்லை.

அழுத்தினாள்.

"மார்லெனுக்கு முடியல. அவளுக்குப் பதிலா நான் நிக்கிறேன். அவ மக."

மூச்சுகள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில்.

"பேரு?" என்றான் அவன். காதுக்குள்ளேயே.

"எர்மின்."

"இங்க பொறந்தவளா?"

"இல்ல."

"தேங்கா உரிச்சிருக்கியா?"

"இல்ல."

யாரோ சிரித்தார்கள், பின்வரிசையில். பெண்கள். அவளுக்குச் சுருக்கென்றது. பள்ளியில், ஆபீசில், வங்கியில், தீவுக்காரி மகள் என்று இளக்காரமாகச் சிரித்தவர்களுக்கெல்லாம் அவள் நீட்டும் பதில் ஒன்று உண்டு. அது யோசிக்காமல் வந்துவிட்டது.

"நான் படிச்சவ. பட்டம் வாங்கியிருக்கேன்."

சிரிப்பு அடங்கியது.

பிறகு ஒரு பெருமூச்சு. சுமையை இறக்கி வைக்கிறவனின் மூச்சு.

"எழுத்துத் தெரிஞ்சவங்களை இங்க தேங்கா உரிக்க விடறதில்ல, பொண்ணே," என்றான், ஏறக்குறைய அன்பாக. "எழுத்துத் தெரிஞ்சவங்கதான் பேர் கூப்பிடணும். என் தொண்டை போயே போச்சு. இந்தா. நீ கூப்பிடு."

"மாட்டேன்."

"கூப்பிடு."

"என் வாயால ஒரு பேர் வராது. செத்தாலும் வராது."

அவள் கருவியைக் கழற்றி எறிந்தாள். மேசைமேல் அது துள்ளி விழுந்தது. ஜெரார் சுவரோடு சுவராக நின்றிருந்தார். முடிவு செய்தாயிற்று: இந்த அறையில்லை, இந்தச் சம்பளமில்லை, நேராக வீடு, அம்மாவை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம், உள்நாட்டுக்குள், கடலே கேட்காத ஏதாவது ஒரு ஊர். பையை எடுத்தாள். கதவைத் திறந்தாள். வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். பல் உதட்டில் பதிந்து ரத்தம் உப்புக் கரித்தது.

முதல் திருப்பம்.

மேலே, திறந்த கதவுக்குள், ஒலிபெருக்கி செருமிக்கொண்டது. ஒரு பெண்ணைப்போல.

"மார்லென்."

அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது. விரல்களுக்கு அடியில் உதடு அசையவில்லை. ஆனால் குரல் அவளுடையது. கல்லூரியில் திருத்தித் திருத்தித் தெளிவாக்கிய அதே உச்சரிப்பு.

பதிலில்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். சமர்த்து. பேசாதே. பேசாதே.

இரண்டாம் திருப்பம்.

"அம்மா," என்றது குரல். மெதுவாக. பஸ்ஸைவிட்டு இறங்கி வாசலில் நின்று கூப்பிடுவதுபோல. "அம்மா, நான்தான்."

கீழே தெருவின் வெயில் ஒரு சதுரமாகத் தெரிந்தது. துணிக்கடைக்காரன் விலை கத்திக்கொண்டிருந்தான். அதையெல்லாம் மீறி மேலேயிருந்து கேட்டது: காய்ந்த மட்டைகள்மேல் வெறுங்காலில் யாரோ ஓடிவருகிற சத்தம். குதித்துக் குதித்து. ஒன்பது வயதுப் பிள்ளை ஓடுவதுபோல. அதைச் சுற்றி நாய்கள், சந்தோஷமாக.

"இருக்கேன்டி!" என்றாள் அம்மா. "இதோ!"

எர்மின் நிற்கவில்லை. படியிறங்கி வெயிலுக்குள் நடந்தாள், பொத்திய வாயோடு. பின்னால் அவள் குரல் செருமிக்கொண்டு அடுத்த பேரைச் சொன்னது, அதற்கடுத்த பேரையும், அவள் தெருவை, வீடு வீடாக, ஓர் எழுத்துப் பிசகாமல்.