டேனியின் பூட்டு

டேனியின் சாவி டேனியின் பூட்டுக்குள் நுழையவில்லை.

மலை ஆற்றை மறித்துக் கட்டிய வெள்ளைக்காரன் காலத்து அணை. அடியிலிருந்த மின்நிலையத்தில் பழைய கிரீஸும் ஈரத் துருவும் நாற, சுவருக்குள் எங்கோ நீர் சொட்டிக்கொண்டே இருக்க, ஆபரேட்டர் ஜெபசீலி, தன் கணவன் டேனி பூட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்க்குள் துரு சுரண்ட இறங்குகிறவர்கள், தண்ணீரைத் திறந்துவிடும் வால்வுச் சக்கரத்தின் சங்கிலியில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டு, சாவியோடுதான் உள்ளே போவார்கள். வெளியே வந்தவன் தன் பூட்டைத் தானே திறக்க வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை யாரும் சக்கரத்தைத் தொடக்கூடாது.

இன்று இறங்கியது மாதவனும் டேனியும். மாதவன் முதலில் ஏறி வந்து தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு டீக்குப் போய்விட்டான். பின்னால் வந்தவன் டேனி.

"துருப்பிடிச்சிருக்கு சார். அறுத்துருங்க" என்றான்.

போன வாரம் ஓசூரில் வாங்கிய புதுப் பூட்டு அது. ஜெபசீலிக்குச் சுருக்கென்றது. உள்ளே போனவர்கள் தொப்பலாக நனைந்துதான் வருவார்கள். இவன் சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

இன்ஜினியர் கமலக்கண்ணன் அவசரத்தில் இருந்தார். மெஷினை ஓட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து போன்மேல் போன். ஆள் இறங்கும் வாயின் மூடியை முடுக்க ஆட்களிடம் சொல்லிவிட்டு, கட்டர் எடுக்க அவரே போனார்.

"அந்த சாவியக் குடுங்க, நான் பாக்கறேன்" என்றாள்.

அவன் கையை மூடிக்கொண்டான். சிரித்தான். டேனியின் சிரிப்புதான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஸ்பேனரை எடுத்துக் குழாயில் தட்டினாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

காதை வைத்தாள். சில்லென்ற இரும்பு. வெகு தூரத்தில் ஒரு குரல், மூச்சு வாங்க.

"ஜெபா... மூடிய யாரு முடுக்கினது? நான் உள்ளதான் இருக்கேன்."

பின்னால் கட்டர் இரைந்தது. சங்கிலி தரையில் விழுந்தது.

"சார், வேணாம். அவரு உள்ள இருக்காரு."

கமலக்கண்ணன் அவளைப் பார்த்தார். அவள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். பைத்தியமா என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முடியவில்லை.

குழாய் அதிர்ந்தது. தட்டும் ஓசை வேகமானது. இன்னும் வேகமாக.

திரும்பினாள்.

டேனி குழாயில் காதை ஒட்டி, கண்களை மூடி, ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.