யார் நகர்வது?

"பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது…" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது எங்க நின்னு பாக்குறோம்ங்கிறதப் பொறுத்ததுங்க."

கோளரங்கத்தில் விளக்கம் சொல்கிற அவளுக்குச் சுருக்கென்றது. யார் இந்த அதிகப்பிரசங்கி? காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும் தேடிப் பிடித்தாள். மழையில் நனைந்த சட்டை… குறும்பு வழிகிற கண்கள்… பாழாய்ப்போன அந்தக் கண்களை மட்டும் அவளால் திட்ட முடியவில்லை.

"நான் சர்வேயர். மழைக்கு ஒதுங்கினேன். எங்க வேலையில பூமி அசையாதுங்க… அசைஞ்சா எல்லைக்கல்ல எங்க நடுறது?"

"அப்படியா… அசையாத பூமியிலேருந்து செவ்வாய் போற பாதைய வரைங்க, பாப்போம்."

வரைந்தான். கோடு சுருண்டு சுருண்டு சிக்கிக்கொண்டது.

"சூரியன நடுவுல வெச்சா இந்தச் சிக்கல் இல்ல," என்றாள் மிதப்பாக.

அடுத்த வாரமும் வந்தான், மழையே இல்லாமல். சண்டை பழக்கமாகி, பழக்கம் முற்றி, ஒருநாள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்து நின்றான்.

"கல்யாணமானதும் வேலைய விட்டுட்டு எங்க ஊருக்கு வந்துடட்டும்," என்றார் அந்த அம்மா. அவளுடைய அப்பா தலையாட்டினார். அவளைக் கேட்க நாதியில்லை.

"வேலைய விட மாட்டேன்," என்றாள்.

அப்பா முறைத்தார். அவன் அவசரமாகச் சமாதானத்துக்கு வந்தான்.

"நீங்க அங்க வந்தா என்ன, நான் இங்க வந்தா என்ன… நடுவுல தூரம் கொறையணும், அவ்வளவுதானே. ரெண்டும் ஒண்ணுதாங்க."

"ரெண்டும் ஒண்ணுன்னா நீங்க வாங்க."

அவன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணில்லங்க. பஸ் திரும்புறப்போ உள்ள இருக்கிறவங்கதான் சாயுறாங்க. ரோட்டுல நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. வழிய மாத்திக்கிறவங்களுக்குத்தான் குலுக்கல் தெரியும்… எப்பவும் அது பொண்ணுங்களாவே இருக்கு." அவள் தலை குனியவில்லை. "உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்கம்மா முன்னாடியே சொல்றேன். அதுக்காக என் வானத்த விட்டுட்டு வர மாட்டேன்."

"எழுந்திருடா," என்று அம்மா மகனின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவன் எழவில்லை.

"அம்மா, நானே இங்க வர்றேன். மாத்தல் கேக்குறேன்… கிடைக்கலேன்னா இங்கயே வேற வேல தேடுறேன். பயமாத்தான் இருக்கு. ஆனா இவங்க இல்லாம என்னால முடியாது."

கண்ணில் முட்டிய நீரை அவள் புறங்கையால் துடைத்தாள். விறைப்பு மட்டும் குறையவில்லை.

"வந்து?"

"வந்து… ஆயுசுக்கும் உங்ககூட சண்ட போடணும்."