இடப்பக்க இருக்கை

நியூயார்க்கிலிருந்து கிளம்பிப் பதின்மூன்று மணி நேரம். ஆக்லாந்துக்கு இன்னும் நாலரை. இடப்பக்க இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் பெல்ட் மாட்டவில்லை என்பதைத் துணை விமானி நைரி அப்போதுதான் உணர்ந்தாள்.

மாட்டியிருந்தால் கொக்கி விழும் சத்தம் கேட்டிருக்கும். இந்தத் தடத்தில் இரவு முடிவதில்லை. விமானத்தோடு கூடவே மேற்கே ஓடிவரும். கருவிகளின் மங்கலான ஒளியையும் காற்றின் ஒரே சீரான இரைச்சலையும் விட்டால் விமானி அறையில் வேறொன்றும் இருக்காது என்பதால், சின்னச் சத்தம்கூட அவளுக்குத் தனியாகக் கேட்டுவிடும்.

இருபது நிமிடத்துக்கு முன் கேப்டன் சோர்லி கொட்டாவி விட்டபடி எழுந்திருந்தார்.

"போய் விரேமுவ எழுப்பி அனுப்பறேன்."

விரேமு இன்னொரு கேப்டன். மீதித் தூரம் அவருடைய முறை. மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் முதல் ஆள் எழ வேண்டும் என்பது விதி.

"அவர் வரட்டும், அப்புறம் போங்களேன்."

"என் மூத்திரப்பைக்கு அம்பத்தெட்டு வயசு, நைரி. அது விதியெல்லாம் படிச்சதில்ல."

"உங்களுக்கு முன்னாடியே அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்திருக்கணும்."

"ரெண்டே நிமிஷம். அதுக்குள்ள பசிபிக்க எங்கயாவது தொலைச்சிடாத."

சிரித்துக்கொண்டே கதவைப் பூட்டினாள். பிறகு வெளியிலிருந்து அழைப்பு ஒலித்தது. கதவுக்கு வெளியே நிற்பவரைக் காட்டும் சிறு கேமராத் திரை கறுப்பாக இருந்தது. பயணிகளின் தூக்கம் கெடாமல் இருக்க விளக்கை அணைத்திருப்பார்கள் என்று நினைத்துத் திறந்துவிட்டாள். யாரோ உள்ளே வந்து, இருட்டிலேயே உட்கார்ந்தார்.

தூங்கி எழுந்து வந்தவரிடம் கால்மணி நேரம் பேச்சுக் கொடுக்கக்கூடாது, விமானத்தையும் கொடுக்கக்கூடாது. தூக்கம் தெளிய அவ்வளவு நேரமாகும். நைரி முதலாவதைக் கடைப்பிடித்தாள். இரண்டாவதுக்கு அவளிடம் தெம்பில்லை. இமைகள் தாமாக மூடின.

"உங்க கையில்," என்று விமானத்தை ஒப்படைத்தாள்.

பதில் வந்தது. "என் கையில்."

வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசியது போலிருந்தது. தூக்கக் குரல் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு வாடை. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும், உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும். ஆனாலும் ஈரம் வீசியது. ஆக்லாந்தின் மனுக்காவ் துறைமுகத்தில் கடல் வற்றியதும் சேற்றிலிருந்து கிளம்புமே, அழுகிய பாசியும் உப்பும் கலந்து, அது.

"விரேமு, ஏதாச்சும் கொட்டிட்டீங்களா?"

கண்ணாடிக்கு வெளியே நட்சத்திரங்கள் சாய்ந்தன. இல்லை, விமானம் சாய்கிறது. இடப்பக்கம். மெதுவாக, யாரும் விழித்துக்கொள்ளாத அளவு மெதுவாக.

தெற்கே திரும்புகிறது. தெற்கே ஓடுபாதை இல்லை. தீவு இல்லை. அன்டார்ட்டிகாவின் பனிக்கட்டி வரைக்கும் வெறும் கடல். தொட்டிகளில் இருப்பது ஆக்லாந்து வரைக்குமான எரிபொருளும் கொஞ்சம் மிச்சமும். பின்னால் இருநூற்று முப்பது பேர் போர்வைக்குள் தூங்குகிறார்கள்.

"விரேமு, எதுக்கு இப்பத் திரும்பறோம்?"

"என் கையில்!" என்று சொல்லி ஓட்டும் கைப்பிடியைப் பற்றினாள். விட்டுக்கொடுப்பவர் பதில் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை.

இரண்டு கைப்பிடிகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. ஒருவர் அசைத்தால் மற்றவர் கைக்குத் தெரியும். நைரியின் கைக்குத் தெரிந்தது. மறுமுனையில் விரல்கள். அவை இழுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்திருந்தன. அவள் இரு கைகளாலும் வலப்பக்கம் திருப்பினாள். தோள் விண்ணென்று வலித்தது. கைப்பிடி இம்மிகூட அசையவில்லை.

விளக்கின் பொத்தான் தலைக்கு மேலே இருந்தது. கை பாதி தூரம் போயிற்று. நின்றது.

இருக்கைகளுக்கு நடுவே ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொன்று.

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை.

தொலைபேசி கூவியது. விமானிகளின் படுக்கை அறையிலிருந்து. எடுத்தாள். சோர்லி.

"நைரி, திட்டாத. படியில ஒரு செகண்ட் உக்காந்தேன், அப்படியே அசந்துட்டேன்."

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கியா? கோவமா? ஊருக்குப் போனதும் பீர் என் செலவு, போதுமா?"

இடப்பக்க இருக்கையில் இருந்தது, கைப்பிடியை விடாமல், அவளோடு சேர்ந்து கேட்பதற்காகச் சாய்ந்தது. அவள் கன்னத்தில் ஈரமான முடி பட்டது.

"இப்பத்தான் விரேமுவ எழுப்பினேன். இதோ, கட்டிலுக்கு அடியில ஷூவத் தேடிட்டிருக்கான். பாவம், இவ்வளவு நேரமும் நீ அங்க தனியாவே இருந்திருக்க."